இரண்டு வழியுள்ள ஏரிக்கரை

சிஞ்ஞோரா தன் கேம்பர் வண்டியின் திறப்பை மேசைமேல் வைத்தபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இத்தாலிய முறைப்படி சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று நான் கூப்பிடும் அவர், பலேர்மோவில் வியா மக்வேதா வீதிக்குப் பின்புறம் உள்ள பழைய மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சமைப்பது, வீட்டைத் துப்புரவாக்குவது, பின்னேரங்களில் அவரோடு இருந்து கதைப்பது, இவைதான் என் வேலை. கேம்பர் அவருடைய கணவர் வாங்கியது. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஆள் திரும்ப முடியாத ஒரு கழிவறை எல்லாம் உள்ளே அடங்கிய வெள்ளை வண்டி. கணவர் இறந்த பிறகு அது நகருக்கு வெளியே கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உறவினரின் முற்றத்தில் சும்மா நின்றது.

“ஓடாத வண்டி செத்துவிடும்,” என்றார் சிஞ்ஞோரா. “ஓகஸ்டில் நான் மகளோடு கடலுக்குப் போகிறேன். நீயும் கணவரும் பிள்ளையும் இதை வடக்கே கொண்டுபோங்கள். மலையடியில் ஏரிகள் இருக்கின்றன, காடு இருக்கிறது. வியர்க்காத ஓர் ஓகஸ்ட் மாதத்தை நீ பார்த்திருக்கிறாயா?”

நான் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். கேம்பர் நிறுத்தும் இடத்தை, இத்தாலியர் கம்பேஜ்ஜோ என்று சொல்வதை, யோசித்துத் தெரிவு செய்ய வேண்டும். “நானும் என் மனுஷனும் பிடித்த பெரிய சண்டை எல்லாம் பிழையான கம்பேஜ்ஜோவில் பிடித்ததுதான். முதலில் குளியலறையைப் பார். ஏரியைப் பிறகு பார்க்கலாம்.”

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கைப்பைக்குள் திறப்பு கிடக்கிறதா என்று பலமுறை தொட்டுப் பார்த்தேன். நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு தீவில். பனையும் பூவரசும் எனக்குத் தெரியும். உள்ளே நடக்க நடக்க வெளிச்சம் குறைந்துபோகும் காடு ஒன்றை நான் கண்டதே இல்லை. அப்படி ஒன்றுக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது.

என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சமையற்காரர். அவர் வன்னிக்காரர். போர் முடிந்ததற்கு அடுத்த வருடம் இத்தாலிக்கு வந்தார். நான் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டவள். உறவினர்கள் பேசி எங்களுக்குக் கல்யாணம் நடந்தது இங்கேதான். அவர் வேலையால் வந்து கால் கழுவி முடித்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன்.

“காட்டுக்குள்ள போய்ப் படுக்கிறதுக்குக் காசு குடுக்கப் போறீரோ?” என்று கேட்டுச் சிரித்தார். “நாங்கள் சும்மாவே எவ்வளவு காலம் படுத்தனாங்கள்!”

“பகிடி விடாதேங்கோ. எல்லாரும் போறவை. கேம்பிங் எண்டு சொல்லுறது.”

“ஓகஸ்டில காம்புக்குப் போறம் எண்டு அம்மாவுக்குப் போனில சொல்லிப் பாரும். அங்கையே மயங்கி விழுந்திடுவா.”

அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களுக்குக் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதிக் காம்ப். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கம்பேஜ்ஜோ என்றே சொல்லத் தொடங்கினோம்.

வண்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து பார்த்தார். அடுப்பின் இரண்டு வாய்களையும் பற்றவைத்து நெருப்பின் நிறத்தைப் பார்த்தார். மசாலாப் போத்தல்கள் எங்கே நிற்கும், மீன் வெட்டும் பலகை எங்கே போகும் என்றெல்லாம் கணக்குப் போட்டார். உணவகம் பூட்டியிருக்கும் நாட்களில் கடற்கரை வீதியில் அதை ஓட்டிப் பழகினார். அகலமான வண்டி. எதிரே வந்த ஸ்கூட்டர்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்கள். அவர் கண்ணாடிக்குள் இருந்தபடி தலையாட்டிக்கொண்டே போனார்.

ஆகவே அவருக்குப் போக விருப்பம் இல்லை என்று நான் நினைக்கக் காரணமே இருக்கவில்லை.

இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரம் ஓய்வு. அந்தப் பின்னேரங்களில் நானும் பன்னிரண்டு வயது மகளும் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கம்பேஜ்ஜோ தேடினோம். எங்கள் வீடு மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கிட்ட. வெளியே பஸ்கள் பிரேக் போட்டுக் கிரீச்சிடும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும். அந்தச் சத்தத்துக்குள் இருந்துகொண்டு, ‘முழு அமைதி’ என்று விளம்பரம் செய்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

படங்களைவிட எனக்கு அங்கே தங்கிப் போனவர்கள் எழுதியவை பிடித்தன. ஒரு ஜெர்மன்காரர் சுடுதண்ணீரைப் பற்றி மட்டும் நான்கு பந்திகள் எழுதியிருந்தார். பக்கத்து மாதாகோயில் மணி ஒவ்வொரு கால்மணிக்கும் அடிக்கிறது, சாமிக்கும் ஓய்வு வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு பெண் தவளைச் சத்தத்தால் நித்திரை இல்லை என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதற்குக் கீழே உரிமையாளர், தவளைகள் எங்களுக்கு முன்பிருந்தே இங்கே குடியிருக்கின்றன என்று பதில் போட்டிருந்தார். பஸ்ஸிலும் இதைத்தான் வாசித்தேன். முகம் தெரியாத இந்த மனிதர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதற்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

மகளுக்கு வேண்டியது வைஃபையும் நீச்சல் குளமும்.

“ஏரி இருக்கேக்க ஏன் பிள்ளை நீச்சல் குளம்?”

“உஃபா, அம்மா! ஏரிக்குள்ள ஆல்கே, பாசி இருக்கும். காலில ஒட்டும்.”

எனக்கு வேண்டியது காடு. முதலில் நான் தெரிவு செய்த இடத்தில் பெரிய பெரிய பைன் மரங்களுக்கு அடியில் வண்டிகள் நின்றன. வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் தரைக்கு வந்தது. கணவர் வந்ததும் காட்டினேன். அவர் படத்தைத் தட்டிவிட்டு, வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைத் திறந்தார். விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உது சரிவராது. பைன் மரத்துப் பிசின் மேல விழுந்தால் சிஞ்ஞோராவின்ர வண்டிக் கூரை போச்சு.”

நியாயம்தான் என்று நினைத்தேன். அடுத்த வியாழன் மரங்கள் குறைந்த ஓர் இடம் கண்டேன். ஏரிக்குள் நாக்கு நீட்டியதுபோல ஒரு நிலத்துண்டு. அதன் நுனியில் கம்பேஜ்ஜோ. கதவைத் திறந்தால் மூன்று பக்கமும் தண்ணீர். மகள்கூட ‘பெல்லிஸ்ஸிமோ’, மிக அழகு என்றாள்.

அவர் மறுபடி வரைபடத்தைத்தான் பார்த்தார். “காத்து அடிக்கும். உயரமான வண்டி. ஆடும்.”

அதற்கடுத்த இடம் ஒரு பள்ளத்தாக்கின் முடிவில் இருந்தது. வீதி அங்கேயே முடிந்துவிடும், அதற்கப்பால் மலை. நடப்பவர்களுக்கு அது சொர்க்கம் என்று எழுதியிருந்தார்கள். “மழை பெய்தால் றோட்டு அடைபடும்,” என்றார் அவர். ஓகஸ்டில் என்ன மழை என்று மகள் கேட்டாள். அவர் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிஞ்ஞோரா சொன்ன சண்டை வண்டி ஏறும் முன்பே வரப்போகிறது என்றுகூட நினைத்தேன். ஆனால் கோபத்தைவிட எனக்கு விடுப்பு, ஏன் என்று அறியும் ஆவல்தான் கூடியது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார். எல்லாமே பொருந்தும் காரணங்கள். ஆனாலும் எந்தக் காரணத்தையும் யோசித்துக் கண்டுபிடித்தவர்போல அவர் சொல்லவில்லை. முகம் முதலில் மாறியது, காரணம் அதற்குப் பிறகு வந்தது.

ஆகவே அடுத்த முறை மடிக்கணினியை விட்டுவிட்டு அவருடைய விரலைப் பார்த்தேன். அது ஏரிப் பக்கம் போகவே இல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து வீதி வழியாக ஊர் வரைக்கும் போயிற்று. பிறகு திரும்பி வந்து மற்றப் பக்கத்தால் வேறு வீதி இருக்கிறதா என்று தேடியது. இல்லை. அவர் திரையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“குளியலறை வடிவில்லை,” என்றார்.

அவர் குளியலறைப் படத்தைப் பார்க்கவே இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு, வண்டியைக் கழுவ நாங்கள் இருவரும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனோம். மகள் தோழியின் வீட்டில் நின்றாள். கழுவி முடித்து வண்டியின் படியில் இருந்து பாண் சாப்பிட்டோம். முற்றத்துக்கு வெளியே மீன்பிடி வள்ளங்களைக் கவிழ்த்து நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டே?”

“கேளும்.”

“ஒவ்வொரு இடத்திலயும் வெளியால போற றோட்டைத்தானே பாக்கிறியள்?”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“பிசின் எண்டுதான் நானும் நினைச்சன்,” என்றார். “காத்து எண்டும் உண்மையாத்தான் நினைச்சன்.” பிறகு வள்ளங்களின் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லுறது சரிதான். படத்தைக் கண்ட உடன கண் றோட்டைத்தான் தேடுது. நான் தேடச் சொல்லேல்லை. அதுவாத் தேடுது.”

தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினேன்.

“சண்டையின்ர கடைசி மாசங்களில காட்டுக்குள்ளதான் கிடந்தனாங்கள். மரங்களுக்குக் கீழ தறப்பாளைக் கட்டிப்போட்டு. மரம் நல்லதுதான், மேலயிருந்து பாத்தால் தெரியாது. ஆனால் எங்களுக்கும் ஒண்டும் தெரியாது. எந்தப் பக்கத்தால என்ன வருது எண்டு சத்தத்தை வைச்சுத்தான் சொல்ல வேணும். பிறகு கரைக்குப் போகச் சொன்னாங்கள். போனம். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு. நடுவில ஒரேயொரு றோட்டு.”

இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. அவருடைய குடும்பம் அங்கே இருந்தது எனக்குத் தெரியும், யார் யார் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடங்கள் கழித்து, ஏரிக்கரைப் படம் ஒன்றைப் பார்க்கும்போது அந்த ஒற்றை வீதி அவருடைய விரலுக்குள் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அழகு என்று நான் காட்டிய ஒவ்வொன்றையும் மனதுக்குள் திரும்பிப் பார்த்தேன். மரம் மூடிய இடம். மூன்று பக்கமும் தண்ணீர். முடிந்துபோகும் வீதி.

“அப்ப போகாமல் விடுவமே?” என்று கேட்டேன்.

“ஏன் விடுவான்? வண்டி நல்ல வண்டி. பிள்ளையும் சிநேகிதப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிப்போட்டாள்.” கையிலிருந்த பாண்தூளைத் தட்டினார். “நீர் தேடும். ரெண்டு றோட்டு இருக்கிறதாப் பாரும்.”

அதன் பிறகு என் தேடல் மாறியது. மற்றவர்கள் எழுதியதை வாசித்துப் பயன் இல்லை. சுடுதண்ணீரைப் பற்றி எழுதியவர்கள் யாரும் வெளியேறும் வழியைப் பற்றி எழுதவில்லை. நான் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினேன். கம்பேஜ்ஜோவில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுக்கும் துண்டு நிலத்தைப் பியாஸ்ஸோலா என்பார்கள். பியாஸ்ஸோலாவிலிருந்து வாசல் தெரியுமா, வாசல் பூட்டியிருக்குமா, இன்னொரு வழி இருக்கிறதா, அது எங்கே போகிறது, சுற்றிவர என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

முதலில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிஞ்ஞோரா, காசு கட்டாமல் ஓடிவிடுகிற யோசனையா?” என்றார். பகிடியாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் தொலைபேசியை வைத்துவிட்டேன். இன்னோர் இடத்தில், எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்றார்கள். வேறோர் இடத்தில் நான் ஏதோ வழக்கறிஞர் என்று நினைத்தார்களோ என்னவோ, தீயணைப்புச் சான்றிதழ் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறோம் என்றார்கள்.

பிறகு ஒரு நாள், சிஞ்ஞோரா மதிய உறக்கத்தில் இருந்தபோது, பால்கனியில் நின்று இன்னோர் இலக்கத்துக்கு அடித்தேன். எடுத்தவர் வயதான குரல் உள்ள ஆண். மலைப்பகுதிக்காரர்களின் கனமான இத்தாலியன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“நல்ல கேள்வி,” என்றார். “கொஞ்சம் பொறுங்கள். நான் போய் நின்று பார்த்துச் சொல்கிறேன்.”

தொலைபேசியோடு அவர் நடக்கும் சத்தம் கேட்டது. சரளைக் கல், ஒரு நாய், பிறகு புல்.

“இப்போது கடைசி வரிசையில் நிற்கிறேன். ஏரி என் இடது பக்கம். அலை இல்லை. முன்னால் ஊருக்குப் போகும் வீதி முழுவதும் தெரிகிறது, பேக்கரி வரைக்கும். வலது பக்கம் ஒரு மண் பாதை, அது பழைய ஆலைக்குப் போய் அங்கிருந்து பெரிய வீதியில் ஏறும். கேம்பர் போகும், என் தம்பி டிராக்டரே கொண்டுபோகிறான். பின்னால் புல்வெளி. காடு புல்வெளிக்கு அப்பால்தான். இந்த இடத்தில் நிழல் குறைவு, யாரும் விரும்பிக் கேட்பதில்லை. உங்களுக்குச் சரிவருமா?”

சரிவரும் என்றேன். நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் விசாரிக்கவில்லை. குளியலறையைப் பற்றிக் கேட்க நானும் மறந்துபோனேன். பின்னேரம் கணவர் வரைபடத்தில் அந்த மண் பாதையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். “ஓம்,” என்றார். “இது போகலாம்.”

ஓகஸ்டில் பலேர்மோவிலிருந்து ஜெனோவாவுக்குக் கப்பலில் கேம்பரை ஏற்றினோம். அங்கிருந்து வடகிழக்காக ஓட்டிப் போனோம். கடைசி வளைவு திரும்பியபோது ஏரி திடீரென்று தெரிந்தது. கடல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதலில் ஏதோ குறைபாடாகப் பட்டது. அசையவில்லை, மணக்கவில்லை. அதன் எதிர்க்கரையில் காடு தலைகீழாகக் கிடந்தது. மகள் கைபேசியை எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தொலைபேசியில் என்னோடு பேசியவர் வாசலுக்கு வந்தார். தடி ஊன்றி நடக்கிறவர். அன்று எனக்காக அந்தக் காலோடு கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கிறார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் அவ்வளவு பாடுபட்டீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாரும் வைஃபை கேட்பார்கள், குளியலறை கேட்பார்கள்,” என்றார். “அங்கே நின்றால் என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. இவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் போய்ப் பார்த்தேன்.”

கணவர் வண்டியை முகம் வீதியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். மற்ற எல்லா வண்டிகளும் ஏரியைப் பார்த்து நின்றன. பக்கத்து ஒல்லாந்துக்காரர் வந்து, பிழையாக நிறுத்திவிட்டீர்கள், காட்சி அந்தப் பக்கம் என்று கையால் காட்டினார். கணவர் நன்றி சொல்லிவிட்டு அப்படியே விட்டார். பிறகு மண் பாதையால் தனியாக நடந்து ஆலை வரைக்கும் போய்வந்தார். வந்து ஏரித் தண்ணீரில் முகம் கழுவினார். அன்று மத்தியானம் புல்லில் பாயைப் போட்டு, குறட்டை விட்டு நித்திரை கொண்டார். பகலில் அவர் நித்திரை கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நானும் மகளும் காட்டுக்குப் புறப்பட்டோம். “நானும் வாறன்,” என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவரும் வந்தார். புல்வெளியைக் கடந்து மரங்களுக்குள் நுழைந்தோம். குளிர்ச்சி ஒரு கதவு திறந்ததுபோல முகத்தில் பட்டது. காலடியில் ஊசி இலைகள் மெத்தைபோல இருந்தன, எங்கள் நடையே எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். புல்வெளியின் வெளிச்சம் மரங்களுக்கிடையில் ஒரு கீற்றாக மாறும் இடத்தில் நின்றார்.

“எனக்குக் காணும்,” என்றார். “நீங்கள் போட்டு வாங்கோ. நான் மீன் வாங்கி வைக்கிறன்.”

வற்புறுத்த வேண்டாம் என்று தோன்றியது. நாங்கள் போனோம். உள்ளே வெளிச்சம் உண்மையாகவே குறைந்தது. அமைதி என்று எழுதியிருந்தவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். எங்கோ ஒரு பறவை மரத்தைக் கொத்தியது, கிளைகள் ஒன்றோடொன்று உரசின, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் எங்கேயோ ஓடியது. நான் ஒரு மரத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். பயமாக இருக்கவில்லை. இதே மாதிரிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு அவர் மாதக்கணக்கில் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தேன். என்னால் முழுதாக யோசிக்க முடியவில்லை. மகள் பாதையோரப் பற்றைகளில் மிர்த்தில்லி என்னும் சின்ன நீலப் பழங்களைக் கண்டுபிடித்துத் தொப்பி நிறையப் பறித்தாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் படியில் இருந்து ஏரி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முள்ளைப் பற்றி ஒல்லாந்துக்காரரோடு கைப்பாஷையில் ஏதோ வாதம் நடந்துகொண்டிருந்தது. மகள் தொப்பியை நீட்டினாள். அவளுடைய நாக்கும் பல்லும் ஊதா நிறம்.

“அப்பா, உங்கட காட்டிலயும் மிர்த்தில்லி இருக்குமா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார்.

“இது இல்லை. பாலைப்பழம் இருக்கு. மஞ்சள். கொப்போட முறிச்சுக் கொண்டு வந்திருந்து தின்னுவம். நல்ல இனிப்பு. ஆனால் பால் ஒட்டும். கனக்கத் திண்டால் சொண்டு ரெண்டும் ஒட்டிக்கொண்டிடும், கதைக்க ஏலாது.”

“வேரோ? உண்மையாவா?”

“உண்மையா. என்ர தம்பியை ஒருநாள் பள்ளிக்கூடத்தில வாத்தியார் கேள்வி கேட்டிட்டார். அவன் வாயைத் திறக்க ஏலாமல் முழுசிக்கொண்டு நிண்டவன்.” உதடுகளை இறுக்கிப் பிடித்து, கண்ணை உருட்டிக் காட்டினார். மகள் புல்லில் விழுந்து சிரித்தாள். “பிறகு வீரைப்பழம். சிவப்பு. அதை எப்பிடிப் பிடுங்கிறது தெரியுமே…”

அந்தத் தம்பி திரும்பி வராதவர்களில் ஒருவர். கணவர் தம்பியைப் பற்றிச் சிரித்துக்கொண்டு கதைத்ததை நான் அதுவரை கேட்டதில்லை. மகள் இன்னும் கேட்டாள், யானை வந்ததா, தேன் எடுத்தீர்களா, மரத்தில் ஏறுவீர்களா என்று. அவர் மீனை மறந்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் உள்ளே போய் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, அதைக் கையில் வைத்தபடியே அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.